கைவரிசை நோட்டு

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா இடது கையால் மூன்று முறை ஓங்கித் தட்டினார். ஆஸ்பத்திரி ஆர்டர் நமக்குத்தான் என்று அண்ணன் சொல்லி முடித்த அதே நிமிடம்.

"அது," என்றார் அப்பா. "அது. அது."

பக்கவாதம் வந்த எட்டு மாதமாக அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அதுதான். தண்ணீரும் அது, ஜன்னலும் அது, மகனும் அது. அண்ணி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்பாவுக்குக்கூட சந்தோஷம் பாரு," என்றான் அண்ணன். தங்கை மட்டும் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுகிற கை அப்படித் தட்டாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயதாகிறது. அப்பா தொடங்கிய மூடித் தொழிற்சாலையில் தரப் பிரிவு அவள் பொறுப்பு. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக்கூடாது என்பது அப்பா போட்டு வைத்த சட்டம்.

இன்றைக்கு மறுபடியும் வெள்ளிக்கிழமை. மூன்று லட்சம் மூடிகள் பெட்டிகளில் அடுக்கி வாசலில் நிற்கின்றன. நாலு மணிக்கு லாரி.

அந்த மூடியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பார்க்க ஒரு மூடி போலிருக்கும், உள்ளே இரண்டு. வெளி மூடி ஒன்று, அதற்குள் இன்னொன்று. சும்மா திருப்பினால் வெளி மூடி மட்டும் 'கிளிக் கிளிக்' என்று சுற்றிச் சுற்றி வரும், திறக்காது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் வெளி மூடியின் பற்கள் உள் மூடியின் பள்ளங்களில் போய் உட்காரும். இரண்டும் ஒன்றாகத் திரும்பும். அழுத்துவது, திருப்புவது என்ற இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யக் குழந்தைக்கு வராது. அதனால் மாத்திரை குழந்தை வாய்க்குப் போகாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு மூடிக்கும் நடுவில் ஒரு மீள்தன்மையுள்ள வளையம் இருக்கிறது. அது மெலிந்தால் குழந்தையே திறந்துவிடும். தடித்தால் பெரியவர்களாலும் முடியாது. அச்சுக்குள் தலைமுடி கனத்தில் ஒரு தகட்டைக் கூடுதலாக வைத்தால் வளையம் ஒரு துளி தடிக்கும். எத்தனை கிலோ அழுத்தினால் திறக்கிறது என்று சோதனை மேசையில் ஒரு முள் காட்டும்.

அந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அப்பா எந்தப் புத்தகத்தையும் பார்த்து முடிவு செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, அந்த வாரத்து மூடிகளை ஒரு தட்டில் பரப்பி, எல்லோரையும் வரிசையாக உட்கார வைப்பார். ஆளுக்கு ஒரு டப்பா. திறந்து பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் கைவரிசை. திருட்டு நடந்தால் பத்திரிகைக்காரர்கள் போடுகிற அதே சொல். "எத்தனை விதமான கை வரிசையா இருக்கு பாரு, அதான் கைவரிசை," என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார்.

உண்மையிலேயே விதவிதமான கைகள்தான். இயந்திரத்தில் மூன்று விரல்களை இழந்த ஒரு அம்மா இருந்தார். தனக்கு ஏழுவிரல் என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். வேற்று நாட்டிலிருந்து வந்து இருபது வருடம் கப்பலில் உழைத்த ஒருவர். பேச்சு பாதி புரியாது, பெயர் கப்பல். சோடா பாட்டில் கண்ணாடி போட்ட குமாஸ்தா. கை குலுக்கினால் எலும்பு நொறுங்குகிற டிரைவர், சுத்தியல்.

"லொடலொடன்னு இருக்கு," என்பார் சுத்தியல்.

"உங்க கைக்கு இரும்புக் கதவே லொடலொடதான்," என்பார் ஏழுவிரல். "எனக்கு உயிர் போகுது."

இரண்டு மணி நேரம் சண்டை நடக்கும். "சண்டை எங்க நிக்குதோ, அங்க முள்ளை நிறுத்து," என்பார் அப்பா. முள் மூன்று கிலோவில் நின்றது. பதினெட்டு வருடம் அங்கேயே நின்றது. ஈரக் கையில் வழுக்குகிறது என்று கப்பல் சைகையில் காட்டியதால்தான் மூடியின் ஓரத்தில் வரிகள் வந்தன. அம்புக்குறி தெரியவில்லை என்று குமாஸ்தா புலம்பியதால்தான் அது புடைத்த அம்பானது. அந்த மூடியில் இருக்கிற ஒவ்வொரு மேடும் யாரோ ஒருவருடைய முணுமுணுப்பு. கடைக்காரர்கள் அந்த மூடியைத் தேடி வந்ததும் அதனால்தான்.

எல்லாருக்கும் எழுத வராது என்பதால் நோட்டில் ஆளுக்கொரு குறி. ஏழுவிரல் ஏழு கோடு போடுவார். கப்பல் ஒரு நங்கூரம். அப்பா ஒரு வட்டம், மூடி மாதிரி. பக்கத்தில் சரி அல்லது பெருக்கல் குறி. கடைசிக் கட்டத்தில் 'சரிபார்த்தவர்' என்று இன்னொருவர் கையெழுத்து. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கண்ணால் பார்த்தால்தான் அது நோட்டில் ஏறும்.

அப்பா விழுந்ததும் அண்ணன் பொறுப்புக்கு வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆர்டர்கள் தேங்கிக் கிடந்தன. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. "ஃபேக்டரியா இது, பஞ்சாயத்தா?" என்று கேட்டவன், பழைய ஆட்களை மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பினான். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் பொடிசுதான். அவர்கள் இடத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே பயிற்சிப் பள்ளி, ஒரே வயது, ஒரே விடுதி. அங்கே காலையில் ஒன்றாகப் பளு தூக்குவார்கள். ஒருவன் வாக்கியத்தைத் தொடங்கினால் இன்னொருவன் முடிப்பான். உற்பத்தி இரண்டே மாதத்தில் ஒன்றரை மடங்கானது.

கைவரிசையை அண்ணன் நிறுத்தவில்லை. அதுதான் விஷயமே. வெள்ளிக்கிழமைதோறும் எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். முன்பு இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது நாலு நிமிடம்.

"கொஞ்சம் லூஸா இருக்கு மேடம்," என்பான் முதல் ஆள். மற்ற ஏழு பேரும் தலையாட்டுவார்கள். ஒரு தகடு கூடும். அடுத்த வாரம் வளையம் தடித்திருக்கும், ஆனால் அதற்குள் அவர்கள் கை பழகியிருக்கும். "கொஞ்சம் லூஸ் மேடம்." இன்னொரு தகடு. ஏழு மாதத்தில் முள் மூன்றிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டது.

சட்டம் அனுமதிக்கும் வரம்பு ஐந்தரை.

*

இன்று காலை பத்து மணிக்குப் பொடிசின் மேசையில் மருந்துக் கடைகளிலிருந்து வந்த ஏழு கடிதங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார், திறக்கவில்லை. அண்ணன் அவற்றின் மேல் "அழுத்தித் திருப்பச் சொல்லவும்" என்று எழுதி அனுப்பியிருந்தான்.

அவள் எட்டுப் பேரையும் கூப்பிட்டாள்.

"வலது கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கோங்க. இடது கையால மட்டும் திறங்க."

சிரிப்பு கிளம்பியது. எட்டு டப்பாக்களும் திறந்தன. டக் டக் டக்.

எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னாள். திறந்தன. தடிமனான கையுறையைப் போடச் சொன்னாள்.

"மேடம், அடுத்து கண்ணைக் கட்டிவிடுவீங்களா?" என்றான் ஒருவன்.

"கட்டினாலும் திறப்போம் மேடம்," என்றான் அடுத்தவன்.

திறந்தார்கள். தங்கமான பையன்கள். அவள் என்ன கேட்டாலும் செய்வார்கள். செய்ய முடியாததுபோல நடிக்கத்தான் அவர்களால் முடியவில்லை. கட்டை விரல் பலம் இருக்கிற கைக்குக் கையுறை மாட்டினால் அது கையுறை மாட்டிய பலமான கைதான். முடியாத கை வேறு. அதை வரவழைக்கத்தான் வேண்டும், உண்டாக்க முடியாது.

வரவழைக்கப் பார்த்தாள். ஏழுவிரல் ஒரு சலவைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். போனில் பின்னால் இயந்திரம் உறுமியது.

"அம்மா, ஒரு மணி நேரம் வர முடியுமா? ஒரு மூடியைத் திறந்து பாக்கணும்."

"இப்பவா? ஷிப்டு ஆறு மணிக்குத்தான்டி முடியும். நடுவுல கிளம்பினா மிச்சமிருக்கற ஏழு விரலையும் எடுத்துக்கிட்டுப் போன்னு முதலாளி சொல்லிடுவான்."

"நாலு மணிக்கு லாரி, அம்மா."

"முள் எங்க நிக்குது?"

"அஞ்சு."

"அஞ்சா?" ஏழுவிரல் மெதுவாகக் கேட்டார். "அப்ப எதுக்குடி நான் வந்து திறந்து பாக்கணும்?"

கப்பலின் எண் உபயோகத்தில் இல்லை. சுத்தியலைக் கூப்பிட்டுப் பயனில்லை. குமாஸ்தாவின் மகள் எடுத்து, அப்பா கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார் என்றாள்.

*

அண்ணன் அறையில் இருக்கும் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். அவனே அப்படி வைத்திருக்கிறான்.

"இன்னும் கையெழுத்துப் போடலியா நீ?"

"அண்ணா, இது எந்த வார்டுக்குப் போற டப்பான்னு தெரியுமா? இதயம், பக்கவாதம். வீட்டுக்குக் குடுத்தனுப்பற மாத்திரை."

"தெரியும். நான்தானே பேசி முடிச்சேன்."

"அந்த ஆளுங்களால இதைத் திறக்க முடியாது."

"யார் சொன்னா?"

"ஏழு கடிதம் வந்திருக்கு."

"லட்சக்கணக்குல போயிருக்கு, ஏழு கடிதம் வந்திருக்கு. சரி, இன்னிக்கு டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணேன்."

"எத்தனை பேர் முடியலன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"முள்?"

"அஞ்சு."

"வரம்புக்குள்ளதானே?"

"வரம்புக்குள்ளதான். ஆனா முடியலன்னு சொல்லக்கூடிய ஒரு ஆள்கூட நம்மகிட்ட இல்லையே அண்ணா. எட்டுப் பேரைக் கேட்டேன்னு நோட்டுல இருக்கு. நிஜத்துல ஒரே ஆளை எட்டுத் தடவை கேட்டிருக்கேன்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பொடிசு, அப்பா விழுந்த அன்னிக்கு இங்க நாலு ஆர்டர் பாதியில நின்னுச்சு. யாரு சொல்றது யாருக்கும் புரியல. இப்ப எல்லாரும் ஒரே பக்கம் இழுக்கறாங்க, வண்டி ஓடுது. நாலு மணிக்கு லாரி கிளம்பலன்னா ஆஸ்பத்திரி அடுத்த ஆளுகிட்ட போயிடும். அப்புறம் எட்டுப் பேரும் கிடையாது, நீயும் கிடையாது, நானும் கிடையாது. உன் மனசுக்குப் படுதுங்கறதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது? ஒரு நம்பர் குடு. நிறுத்தறேன்."

அவளிடம் நம்பர் இல்லை. இருந்த நம்பர்கள் எல்லாம் அண்ணன் பக்கமே இருந்தன.

மூன்று ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு லாரி கிளம்பியது. எட்டுப் பேரும் வாசலில் நின்று கையசைத்தார்கள்.

நாலே காலுக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. பள்ளிக்கூட வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள்.

"மாமா மத்தியான மாத்திரை போடல. டப்பாவைக் கால் நடுவுல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கார். எனக்குப் பயமா இருக்கு, நீ வா."

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா இந்த வாரம் விடுப்பு. இத்தனை நாளும் மாத்திரை எடுத்துக் கொடுத்தது அவர்தான். நாலு நாளாகக் காலையிலேயே மாத்திரையைத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள் அண்ணி. இன்று மறந்துவிட்டாள்.

*

அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். முழங்கால்களுக்கு நடுவில் டப்பா. மூடி வழுக்காமலிருக்க ஒரு துண்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அது தரையில் கிடந்தது. மூடியின் ஓரத்தில் பல் பதிந்த தடம்.

பொடிசு மண்டியிட்டு அவர் இடது கையை விரித்தாள். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம். அதன் நடுவில் அம்புக்குறி. குமாஸ்தாவுக்காகப் புடைப்பாகச் செய்த அதே அம்பு, அப்பாவின் தோலில் தெளிவாக அச்சாகியிருந்தது.

டப்பாவை வாங்கி அழுத்தித் திருப்பினாள். டக். இரண்டு நொடி.

தன் கைக்கும் அது திறக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

மாத்திரையைக் கொடுத்தாள். டாக்டரைப் போனில் பிடித்த அண்ணி, "மூணு மணி நேரம் தள்ளிப் போயிடுச்சு, ராத்திரி வரைக்கும் பக்கத்துலயே இருந்து கவனிக்கச் சொல்றார்," என்றாள். "நான் எடுத்து வெக்காம போயிட்டேன். என் தப்பு."

"உங்க தப்பு இல்ல அண்ணி." மூடியைக் கவிழ்த்துப் பார்த்தாள் பொடிசு. உள்பக்கம் அவர்கள் தொழிற்சாலையின் முத்திரை. பக்கத்தில் வார எண். அந்த வாரத்துக்குச் சரி போட்டவளும் அவள்தான்.

"அது," என்றார் அப்பா.

"தண்ணியாப்பா?"

"அது." கண் அலமாரிப் பக்கம் போயிற்று. "அது."

ரேடியோவா என்றாள் பொடிசு, சால்வையா என்றாள் அண்ணி. கடைசியில் பழைய செய்தித்தாள்களைத் தூக்கியபோது அடியில் ஒரு நோட்டு இருந்தது. தொழிற்சாலையில் அச்சடித்த கைவரிசை நோட்டு, எப்போதோ வீட்டுக்கு வந்த உபரிப் பிரதி.

"இதுவா? இதை வெள்ளிக்கிழமையானா எடுத்து வெச்சுக்கிட்டுக் கிறுக்குவாராம். நர்ஸம்மா சொன்னாங்க," என்றாள் அண்ணி. "புது டப்பா வந்தா அவங்க கையில இருந்து பிடுங்கிப்பாராம். விளையாடறார்னு விட்டுட்டாங்க."

பொடிசு நோட்டைத் திறந்தாள்.

தேதிகள் நாள்காட்டியைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வரைந்தவை. அதற்கடுத்த கட்டத்தில் குறி. அப்பாவின் வட்டம் இல்லை. பாதி வட்டம். ஒரு கைதான் மிச்சம் என்பதாலோ, அதற்கு மேல் வளைக்கக் கை வராததாலோ, எல்லா வரியிலும் பாதி வட்டம்.

அதற்கடுத்த கட்டத்தில் சரி. அடுத்த வாரம் சரி. பதினான்கு வாரம் சரி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கோணல். பதினைந்தாவது வாரம் ஒரு பெருக்கல் குறி. பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பெருக்கல், பெருக்கல்.

பத்தொன்பதாவது, போன வெள்ளிக்கிழமை.

இன்றைக்கு அண்ணன் கேட்ட நம்பர் இதுதான். வாரா வாரம், வரிசை தப்பாமல், செய்தித்தாளுக்கு அடியில் இருந்திருக்கிறது. சரிபார்த்தவர் என்ற கட்டம் மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி.

அண்ணன் எப்போது வந்தான் என்று அவள் கவனிக்கவில்லை. செருப்போடு உள்ளே நின்றுகொண்டிருந்தான். நோட்டை அவள் தோளுக்கு மேலாகப் படித்திருக்க வேண்டும். டப்பாவை எடுத்தான். சோபாவில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்தான். வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இடது கையால் அழுத்தினான்.

டக்.

"திறக்குதே," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. திறந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். "எனக்குத் திறக்குதுப்பா."

அப்பா அவனை அதட்டவில்லை. பொடிசின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். நோட்டை மடியில் வைத்து, இன்றைய தேதிக்காக நாள்காட்டியை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து எழுதினார். பாதி வட்டம். பெருக்கல் குறி. பிறகு கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து அவள் பக்கம் நோட்டைத் தள்ளினார்.

"அது."

நாலு மணிக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட அதே பேனா. பொடிசு இருபதாவது வரியில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேலே பத்தொன்பது காலிக் கட்டங்கள். அவற்றில் எதையும் அவளால் இனி நிரப்ப முடியாது; அன்றைக்கெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"லாரி எங்க இருக்கும் இப்ப?" என்று கேட்டாள் அண்ணி.

"நெடுஞ்சாலை ஏறியிருக்கும்," என்றான் அண்ணன். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இறக்கிடுவாங்க. ஒன்பதுக்குக் குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க."

"நிறுத்தச் சொல்லுங்களேன்."

"எதை வெச்சு? எங்க அப்பாவால திறக்க முடியலன்னா?" கேட்டுவிட்டு அவனே நின்றுவிட்டான்.

அப்பா பேனாவை அவன் பக்கம் நீட்டினார். நீட்டிய கை இறங்கவில்லை.

அண்ணன் பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்தான். ஏதோ ஒரு எண்ணைத் தேடிக்கொண்டே வெளியே போனான். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "ஹலோ," என்ற அவன் குரல் கேட்டது. அந்தப் பக்கம் லாரிக்காரனா, ஆஸ்பத்திரியா, இல்லை அடுத்த ஷிப்டைத் தொடங்கச் சொல்லி அந்த எட்டுப் பேரில் ஒருவனா என்பது உள்ளே இருந்த மூவருக்கும் தெரியவில்லை.

அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. பேனா முனை வாசலைப் பார்த்திருந்தது.